சூறாவளி டெய்லரும் குடியேற்ற இலாகாவும்

ஹாக்கி என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர் மனக்கண் முன் எழுவன பசும்புல் திடலும் தியான் சந்தின் கைம்மட்டையுமே. 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களில் பொற்பதக்கம் கொணர்ந்த அவ்வாட்டத்தை நம் நாட்டுச் சொத்தென்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் கனடா தேசத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே ஹாக்கி என்றால் உறைந்த நீரின்மேல் ஆடும் ஆட்டம். புல்லின்மேல் ஆடுவதற்குத்தான் ஓர் அடைமொழி சேர்த்துச் சொல்லவேண்டும். நம் காலனியில் பிள்ளையையோ பேரனையோ அந்நாட்டிற்கு அனுப்பிவிட்டுக் கடிதத்தையும் படத்தையும் எதிர்நோக்கியிருக்கும் குடும்பங்கள் இன்று பல. தலைக்கவசமும் பெருங்கையுறையும் அணிந்து, அடியில் எஃகு அலகு பொருத்திய காலணியுடன் பனித்தரைமேல் நிற்கும் பேரனின் படத்தைப் பார்த்து, ‘இதென்னடா வேஷம்!’ என்று பாட்டிமார் வியப்பதையும் நாம் கேட்டிருக்கிறோம். அவ்வாட்டத்தைக் கூலிக்கு ஆடிப் பெரும்பொருள் ஈட்டிய முதல் தலைமுறையினருள் தலைசிறந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டதற்கு அப்படங்கள் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அது கட்டுரையின் போக்கில் தானே புலனாகும்.

பிரெடரிக் வெலிங்டன் டெய்லர் என்பது அவர் இயற்பெயர். 1884-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், ஒன்டாரியோ மாகாணத்தின் டாரா என்னும் சிற்றூரில் பிறந்தவர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. தந்தையார் உழவுக் கருவிகளை ஊர் ஊராகச் சென்று விற்பவர். வருவாய் சொற்பம், குடும்பமோ பெரிது. டெய்லர் சிறுபிள்ளையாய் இருக்கும்போதே அவர்கள் லிஸ்டோவல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தனர். பள்ளிப் படிப்பு முற்றுப்பெறும் முன்பே அவர் அவ்வூரிலிருந்த பியானோத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர வேண்டியதாயிற்று. பகலில் தொழிற்சாலை, மாலையில் உறைந்த குளங்கள். விரைவில் சறுக்கிச் செல்வதில் அவ்வட்டாரத்திலேயே அவருக்கு நிகர் எவரும் இலர் என்ற பெயர் பரவலாயிற்று.

அந்நாளைய ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லாவிடில் அவ்விரைவின் அருமை விளங்காது. இன்று ஒரு பக்கத்திற்கு அறுவர் களத்தில் நிற்கின்றனர், அன்று எழுவர். ஏழாமவர் ‘ரோவர்’ எனப்படுவார். அவர்க்கு நிலையான இடமில்லை, தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் தேவைப்பட்ட இடமெல்லாம் திரிவதே அவர் கடமை. இக்காலத்தில் ஒரு நிமிடத்திற்கும் குறைவாக ஆடியவுடன் ஆட்டக்காரர் பெஞ்சிற்குத் திரும்ப, வேறொருவர் களம் புகுகிறார். அக்காலத்திலோ தொடங்கிய எழுவரே அறுபது நிமிடமும் ஆடி முடித்தாக வேண்டும். முன்னால் நிற்பவனுக்கு ரப்பர் வட்டைத் தள்ளிக் கொடுப்பதும் குற்றம். பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் தரலாம். ஆகவே வட்டைத் தன் மட்டையிலேயே வைத்துக்கொண்டு, எதிரிகளை ஊடுருவிக் கடந்து செல்ல வல்லவன் எவனோ அவனே அணியின் உயிர்நாடி. டெய்லரின் கால்கள் அதற்கென்றே அமைந்தவை.

1904-ஆம் ஆண்டு, டொரான்டோவின் மார்ல்பரோ அணிக்கு வந்து ஆடுமாறு ஒன்டாரியோ ஹாக்கிச் சங்கத்தின் செயலாளர் வில்லியம் ஹெவிட் அவரை அழைத்தார். டெய்லருக்குச் சொந்த ஊரை விட்டு வர மனமில்லை, மறுத்தார். மறுத்த குற்றத்திற்காக, அப்பருவம் முழுதும் மாகாணத்தில் எங்குமே அவர் ஆடக்கூடாதென்று தடை விதிக்கப்பட்டது. இருபது வயது இளைஞன் ஒரு குளிர்காலம் முழுவதும் கரையில் நின்று பிறர் ஆடுவதைப் பார்க்கவேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. அச்சங்கம் ‘அமெச்சூர்’ நெறியைப் பொன்னேபோல் போற்றியது. ஆட்டத்திற்குக் காசு வாங்குவது இழிவு, வாங்கியவன் விலக்கப்பட்டவன். 1898-இல் பெர்லின் நகர அணியினருக்கு, வெற்றியைப் பாராட்டி அந்நகரத் தலைவர் ஆளுக்கொரு பத்து டாலர் பொற்காசு வழங்கினார் என்பதற்காக அவ்வணியையே சங்கம் தள்ளி வைத்தது. கேட்பதற்கு உயர்ந்த கொள்கையாகவே தோன்றும். ஆனால் நுழைவுச் சீட்டு விற்ற பணம் அரங்க முதலாளிக்குச் சென்றதே, அதில் இழிவில்லையா? வீட்டில் செல்வமுடையவன் காசு வேண்டாமென்று ஆடலாம். பியானோத் தொழிற்சாலைப் பையன் என் செய்வான்? வருமானத்தைத் தடுப்பதோடு நில்லாமல், இந்த ஊரில்தான் ஆடவேண்டும் என்று கட்டளையும் இடுவார்களாயின், அதனைக் கொள்கை என்பதைக் காட்டிலும் அதிகாரம் என்பதே பொருந்தும்.

தடை டெய்லரை ஊர்விட்டுக் கிளப்பியது. முதலில் மேற்கே மானிடோபா மாகாணத்தின் போர்டேஜ் லா பிரேரி. அங்கிருந்து 1906-இன் தொடக்கத்திலேயே எல்லை கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹௌட்டன். அது செம்புச் சுரங்கங்களால் செழித்த ஊர். சுரங்கத்தில் நிறையக் காசு, நீண்ட குளிர்காலம், பொழுதுபோக்கோ குறைவு. ஜான் கிப்சன் என்ற பல் மருத்துவர் அங்கே தொழில் நடத்தி வந்தார். மேலே சொன்ன பெர்லின் நகரத்தவர் அவர். 1904-இல் அவர் முன்னின்று உருவாக்கிய லீக்தான், ஆட்டக்காரர்க்குச் சம்பளம் உண்டு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட முதல் ஹாக்கி லீக். டெய்லருக்கு எஞ்சிய பருவத்திற்கு 400 டாலரும் செலவுத் தொகையும் கிடைத்தன. ஆறு ஆட்டங்களில் 11 கோல்கள் அடித்து அதனை ஈடு செய்தார். 1906, 1907 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹௌட்டன் அணியே வாகை சூடியது. 1907-இல் அந்த லீக் கலைந்தது. அணிகள் தோன்றுவதும் மறைவதும் மழைக்கால ஈசலைப் போல் இருந்த காலம் அது. ஆட்டத்தை மட்டும் நம்பி ஒருவன் குடும்பம் நடத்த முடியாது என்பதை டெய்லர் அப்போதே உணர்ந்திருக்க வேண்டும்.

ஏனெனில், தலைநகரான ஒட்டாவாவின் ‘செனட்டர்ஸ்’ அணி 1907-ஆம் ஆண்டின் இறுதியில் அவரை வரவழைத்தபோது, பருவத்திற்கு 500 டாலர் என்பதோடு வேறொரு நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது: மத்திய அரசாங்கத்தின் குடியேற்ற இலாகாவில் மாதம் 35 டாலர் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலை. ஆட்டத் தொகையோடு ஒப்பிட்டால் சிறு சம்பளமே. ஆயினும் கால் ஓய்ந்தாலும் ஓயாத சம்பளம் அது. அரசாங்க உத்தியோகத்தை நம்பிச் சொந்த ஊரையும் காவிரிக் கரையையும் பொருநைக் கரையையும் விட்டு வடக்கே வந்து வேரூன்றிய குடும்பங்களுக்கு, அந்த 35 டாலரின் மதிப்பை நாம் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகட்கு மேலாக டெய்லர் அணிகளை மாற்றினார், ஊரை மாற்றினார், ஆட்டத்தையே விட்டார். இலாகாவை மட்டும் விட்டாரில்லை.

1908 ஜனவரி 11-ஆம் நாள் ஒட்டாவாவில் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. மான்ட்ரியல் ‘வாண்டரர்ஸ்’ அணியை ஒட்டாவா 12-க்கு 2 என்ற கணக்கில் வீழ்த்திற்று. அவற்றுள் நான்கு கோல்கள் டெய்லருடையவை. பார்வையாளராக வந்திருந்த கவர்னர் ஜெனரல் கிரே பிரபு, அவர் பாய்ந்து செல்வதைக் கண்டு ‘இவன் ஒரு சூறாவளி’ என்று வியந்ததாகவும், அருகிருந்து கேட்ட பத்திரிகை நிருபர் அப்பெயரை மறுநாளே பரப்பிவிட்டதாகவும் சொல்வர். பெயர் பிறந்த கதை எப்படியாயினும், அன்று முதல் ‘சைக்ளோன் டெய்லர்’ என்பதே நிலைத்தது. இயற்பெயர் அலுவலகக் கோப்புகளோடு நின்றுவிட்டது. 1909-இல் ஒட்டாவா ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1892-இல் ஸ்டான்லி பிரபு நன்கொடையாக அளித்த அக்கோப்பையே அந்நாட்டு ஹாக்கியின் உச்ச விருது.

அதே ஆண்டின் குளிர்காலத்தில் நடந்ததுதான் நாடு முழுவதும் பேசப்பட்ட நிகழ்ச்சி. ஒட்டாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ரென்ஃப்ரூ என்றொரு சிற்றூர். வெண்ணெய்ப் பண்ணைகளே அதன் அடையாளம்; அணிக்கும் அதை ஒட்டியே பெயர். ஆயினும் அவ்வூரில் சுரங்கமும் ரயில்பாதைக் குத்தகையும் நடத்திப் பெருஞ்செல்வரான ஓ’பிரையன் குடும்பம் இருந்தது. தம் ஊருக்கு ஸ்டான்லி கோப்பையைக் கொணர்வது என்று அக்குடும்பத்தின் இளையவர் ஆம்ப்ரோஸ் உறுதி பூண்டார். பழைய லீக் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது; அவர் வேறு சிலரோடு கூடி ‘தேசிய ஹாக்கி சங்கம்’ என்ற புதிய அமைப்பையே உண்டாக்கினார். இன்றும் புகழோடு விளங்கும் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி பிறந்தது அந்த 1909 டிசம்பரில், அவர் பணத்தினால்தான். டெய்லருக்கு அவர் கொடுக்க ஒப்பியது, ஏறத்தாழ பன்னிரண்டே ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்திற்கு 5,250 டாலர் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தின் முடிசூடா மன்னர் டை காப் அந்நாளில் ஏழு மாதங்களில் 154 ஆட்டங்கள் ஆடி 6,500 டாலர் பெற்றவர். ஆட்டக் கணக்கில் வகுத்துப் பார்ப்பவர்க்கு வேறுபாடு விளங்கும். வெண்ணெய் அணியை ஊரார் ‘மில்லியனேர்ஸ்’ என்று அழைக்கத் தொடங்கியதில் வியப்பென்ன?

பழைய அணியான ஒட்டாவாவின் காப்பாளரைப் பின்னோக்கிச் சறுக்கியபடியே கடந்து ஒரு கோல் அடிப்பேன் என்று டெய்லர் சவால் விட்டாராம். ஒட்டாவாவில் நடந்த ஆட்டத்தில் அது பலிக்கவில்லை. கூட்டத்தின் ஏளனமே மிஞ்சியது. மார்ச்சில் ரென்ஃப்ரூவில் மறுபடி சந்தித்தபோது ரென்ஃப்ரூ 17-க்கு 2 என வென்றது. அதில் அவர் சொன்னதைச் செய்து காட்டினார் என்று கண்டவர் சிலர் சாதித்தனர், அது வெறும் புறங்கை அடி என்று வேறு சிலர் மறுத்தனர். கனடாவின் முதியோர் நெடுநாள் வாதாடி மகிழ்ந்த பொருள் இது. நமக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதியில்லை.

இவ்வளவு பணம் கொட்டியும் கோப்பை ரென்ஃப்ரூவுக்கு வரவில்லை. மறு ஆண்டே முதலாளிகள் விழித்துக்கொண்டனர்: இனி ஓர் அணி முழுமைக்கும் சம்பளம் 5,000 டாலருக்கு மேற்படக் கூடாது என விதித்தனர். முந்திய ஆண்டில் டெய்லர் ஒருவருக்குப் பேசப்பட்ட தொகையினும் அது குறைவு! ஆட்டக்காரர் கொதித்தெழுந்து தமக்கெனத் தனி லீக் அமைக்க முயன்றனர். ஆடுவதற்கு அரங்கம் கிடைக்காமையால் அம்முயற்சி வீழ்ந்தது. ஆட்டம் ஆட்டக்காரன் கையில், அரங்கமோ முதலாளி கையில். 1911-இல் ரென்ஃப்ரூ அணி கலைய, அதன் ஆட்டக்காரரைப் பிற அணிகள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. டெய்லர் மான்ட்ரியல் வாண்டரர்ஸின் பங்கில் விழுந்தார். அவர்க்கு வேலை ஒட்டாவாவில். மணம் பேசியிருந்த தர்ஸா குக் என்ற நங்கையும் ஒட்டாவாவில். மான்ட்ரியல் செல்ல மறுத்தார். ஒட்டாவாவுக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார்; அது செல்லாதென்று மறு ஆட்டத்திற்கு ஆணை பிறந்தது. இருபதாம் வயதில் நேர்ந்ததே மீண்டும் நேர்ந்தது: அந்தக் குளிர்காலமும் ஏறத்தாழ முழுதும் கரையில் கழிந்தது.

இம்முறை வழி திறந்தது பசிபிக் கடற்கரையில். அவரோடு ரென்ஃப்ரூவில் ஆடிய லெஸ்டர் பேட்ரிக், ஃபிராங்க் பேட்ரிக் சகோதரர்கள், தம் தந்தையார் மரத்தொழிலை விற்ற பணத்தைக் கொண்டு விக்டோரியாவிலும் வான்கூவரிலும் இயந்திரத்தால் பனித்தரை உறையவைக்கும் அரங்கங்களைக் கட்டியிருந்தனர். குளிர் மிதமான அக்கரையில் இயற்கையை நம்பி ஹாக்கி ஆட முடியாது. கனடாவில் அவ்வகை அரங்கங்கள் அவையே முதலாவன. வான்கூவரின் டென்மன் அரங்கில் 10,000 பேர் அமரலாம். 1912-இல் டெய்லர் அங்கே சேர்ந்தார். இலாகா வேலையும் வான்கூவர் துறைமுகத்திற்கு மாற்றப்பட்டது. பேட்ரிக் சகோதரர் அடுத்த ஆண்டில் களத்தை நீலக்கோடுகளால் மூன்று பகுதியாகப் பிரித்து, நடுப்பகுதியில் முன்னோக்கி வட்டைத் தள்ளலாம் என விதி செய்தனர். ரோவராக ஆடிய டெய்லருக்கு இவ்விதி மீனுக்குக் கிடைத்த புதுவெள்ளம் போலாயிற்று.

1914 மார்ச்சில் அவர்க்குத் திருமணம் நிறைவேறியது. இரண்டு மாதம் கழித்து, மே 23-ஆம் நாள், ‘கோமகாட்டா மாரு’ என்ற ஜப்பானியக் கப்பல் வான்கூவரின் பரார்ட் கடற்கழியில் நங்கூரமிட்டது.

அக்கப்பலின் கதையை நம் பிள்ளைகள் பாடநூலில் நான்கு வரியாகப் படித்திருப்பர். பயணிகள் 376 பேர். பெரும்பாலோர் பஞ்சாபின் சீக்கியர், சில முஸ்லிம்கள், சில இந்துக்கள். குர்தித் சிங் என்ற வணிகர் கப்பலை வாடகைக்கு அமர்த்தி, ஹாங்காங்கில் தொடங்கி ஷாங்காய், மோஜி, யோகஹாமா ஆகிய துறைகளில் ஆட்களை ஏற்றி வந்தார். அவர்கள் அனைவரும் பிரிட்டிஷ் பிரஜைகள். கனடாவும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பகுதி. ஆனால் கனடா அரசு 1908-இலேயே ஒரு விதி செய்திருந்தது: பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் நேராக வந்தால்தான் கரையிறங்கலாம். இந்தியாவிலிருந்து அவ்வாறு நேராக வரக் கப்பலே கிடையாது. அன்றியும் ஆசியர் ஒவ்வொருவர் கையிலும் 200 டாலர் இருக்க வேண்டும். ‘இந்தியர் வரலாகாது’ என்ற சொல் விதியில் எங்கும் இல்லை. அச்சொல்லை எழுதாமலே அப்பொருளைச் சாதித்த நுட்பத்தை, கோப்புகளோடு பழகியவர்கள் கண்டுகொள்வர்.

அக்கப்பலில் முதன்முதல் கால்வைத்த கனடியக் குடியேற்ற அதிகாரி சைக்ளோன் டெய்லர்.

விதியை இயற்றியவர் அவரல்லர். வான்கூவர் அலுவலகத்தின் தலைவரும் அவரல்லர். அப்பதவியில் மால்கம் ரீட் என்பவர் இருந்தார். மேலிடத்து ஆணையை நிறைவேற்றும் ஊழியர் ஒருவர், தம் வேலையைத்தான் செய்தார். ஆயினும் கப்பலின் ஏணியில் அன்று எதிரெதிர் நின்றவர்களை எண்ணும்போது நம் மனம் அமைதி கொள்ளவில்லை. ஒருபுறம், பிழைப்பைத் தேடி ஒன்டாரியோ, மானிடோபா, மிச்சிகன், ஒட்டாவா, ரென்ஃப்ரூ, வான்கூவர் என்று தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வந்தவர். இடையில் வேற்று நாட்டெல்லையைக் கூடத் தடையின்றிக் கடந்தவர். ‘இங்கே ஆடாதே’ என்று இருமுறை தடுக்கப்பட்டு அதன் கசப்பை அறிந்தவர். மறுபுறம், அதே பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். ஏற்கெனவே கனடாவில் வாழ்ந்தோர் இருபதின்மரும் ஒரு மருத்துவர் குடும்பமுமாக 24 பேர்க்கு மட்டுமே இறங்க அனுமதி கிடைத்தது. மற்றவர் இரண்டு மாதம், கரை கண்ணுக்கெட்டும் தொலைவில், உணவும் நீரும் தட்டுப்பட, கப்பலிலேயே கிடந்தனர். கரையிலிருந்த இந்தியர் பணம் திரட்டி வழக்காடினர். ஜூலை 6-ஆம் நாள் மேல்முறையீட்டு மன்றமும் கைவிட்டது. ஜூலை 19-இல் இழுவைக் கப்பலில் ஏறி வந்த போலீசாரைப் பயணிகள் நிலக்கரித் துண்டுகளை வீசி விரட்டினர். பின்னர் ‘ரெயின்போ’ என்ற போர்க்கப்பல் வந்தது. ஜூலை 23-இல் கோமகாட்டா மாரு திரும்பிச் சென்றது. கல்கத்தாவிற்கு அருகே பஜ் பஜ் துறையில் செப்டம்பர் 29-ஆம் நாள், பயணிகளைக் கட்டாயமாகப் பஞ்சாபிற்கு ரயிலேற்ற முயன்றபோது கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் சுமார் இருபது பயணிகள் மாண்டனர்.

ஆறு மாதம் கடந்தது. 1915 மார்ச்சில் டென்மன் அரங்கில் வான்கூவர் அணி, டெய்லரின் பழைய ஒட்டாவாவை 6-2, 8-3, 12-3 என மூன்று ஆட்டங்களிலும் முறியடித்து ஸ்டான்லி கோப்பையை முதன்முறையாகப் பசிபிக் கரைக்குக் கொணர்ந்தது. டெய்லரின் புகழ் அன்று உச்சியைத் தொட்டது. 1918-இல், முப்பத்து நான்கை நெருங்கிய வயதில், 18 ஆட்டங்களில் 32 கோல்கள் அடித்தார். 1921-இல் ஓய்வு பெற்று, பின்னொருமுறை ஒரே ஓர் ஆட்டம் ஆடியதோடு மட்டையைக் கீழே வைத்தார்.

இலாகாவில் அவர் படிப்படியாக உயர்ந்து, பிரிட்டிஷ் கொலம்பியா, யூகான் பகுதிகளின் குடியேற்றக் கமிஷனரானார். அப்பணிக்காக 1946-இல் பிரிட்டிஷ் அரசின் விருதும், ஆட்டத்திற்காக 1947-இல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடமும் பெற்றார். 1950-இல் பதவியினின்றும் ஓய்வு. பூந்தமல்லி, மதுரை என்று நாம் ஊர்ப்பெயர் சொல்லி மல்லிகை வாங்குவதுபோல், வான்கூவரில் சைக்ளோன் டெய்லர் என்ற பெயரைச் சொல்லித்தான் பிற்காலத்தில் சறுக்குக் காலணி வாங்கினர். அவர் மகன் அப்பெயரில் கடை வைத்திருந்தார். 1979 ஜூன் 9-ஆம் நாள், தொண்ணூற்றைந்தை எட்டும் தறுவாயில் டெய்லர் காலமானார். அந்நகரின் ‘கனக்ஸ்’ அணி தன் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் வழங்கும் விருது அவர் பெயரால் அமைந்தது.

பஜ் பஜ்ஜில் மாண்டோருக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை 1952-இல் பண்டித நேரு திறந்துவைத்தார். கனடாவின் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ 2016 மே 18-ஆம் நாள் தம் நாட்டு நாடாளுமன்றத்தில் முறைப்படி மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன்பே, 2012-இல், வான்கூவரின் கோல் ஹார்பர் கரையில் அக்கப்பல் பயணிகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. டென்மன் அரங்கம் நின்றதும் அதே கோல் ஹார்பர் கரையில்தான். 1936 ஆகஸ்டில் அது தீக்கிரையாயிற்று, அவ்விடம் இன்று பூங்கா. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வான்கூவர் செல்லும் நம் காலனிப் பெரியவர்கள் மாலை உலாவில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கடலோரமாகவே நடந்து போய்விடலாம்.